உறுப்பினர் பேசியது

மார்ச் 4, செவ்வாய்

இன்று கூட்டம் இல்லை. ஆனாலும் வரச் சொன்னார்கள். போட்டோவுக்கு.

மன்ற அரங்கில் பெரிய திரை ஒன்று மாட்டியிருக்கிறார்கள். இனி யார் மைக்கில் பேசினாலும், பேசப் பேச அது எழுத்தாகத் திரையில் ஓடும். காது கேளாத உறுப்பினரின் வசதிக்காக என்று அறிவிப்பில் போட்டிருந்தது. அது நான்தான், ஆறாவது வார்டு. முதல் தடவை ஜெயித்த உடனே கேட்டேன். இரண்டாவது தடவையும் ஜெயித்து, பாதிக் காலம் ஓடியபிறகு வந்திருக்கிறது. நகராட்சி வேகத்துக்கு இது பாய்ச்சல்தான்.

தலைவர், துணைத் தலைவர், ஆணையர் எல்லோரும் என்னைச் சுற்றி நின்று சிரித்தார்கள். போட்டோவில் திரையே தெரியவில்லை.

தலைவர் வழக்கம்போல எனக்குச் சைகையில் வணக்கம் வைத்தார். தாடைக்குக் கீழே கையை வைத்து, கன்னத்தை ஒரு தரம் ஊதுவார். நான் சபையில் அந்தச் சைகையைச் செய்யும்போதெல்லாம் பக்கத்தில் எனக்காக மைக்கில் பேசும் என் அக்கா 'மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே' என்று சொல்வதைக் கவனித்து, மனுஷன் தானாகவே கற்றுக்கொண்டார். நானும் அக்காவும் எல்லோருக்கும் ஒரு சைகைப் பெயர் வைத்திருக்கிறோம். அவருக்கு வைத்தது தவளை. பெயரைச் சொல்லும் இடத்தில் அக்கா பதவியைச் சொல்வது நியாயம்தானே, சபை அல்லவா.

போன வருடம் காது கேளாதோர் பள்ளி ஆண்டு விழாவில் தலைவர் மேடையேறி, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, கன்னத்தை ஊதினார். பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். குழந்தைகளுக்குத் தன்னை ரொம்பப் பிடித்துப்போய்விட்டது என்று இறங்கி வந்து அக்காவிடம் சொன்னாராம்.

மார்ச் 5, புதன்

என் அச்சகத்தில் இருந்தபோது கூட்டப் பொருள் பட்டியல் வந்து சேர்ந்தது. மூன்றாவது பொருள்: எங்கள் வார்டு பிரசவ ஆஸ்பத்திரியை, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியோடு இணைப்பது. இணைப்பது என்றால் மூடுவது. இங்கே மூடினால் வலி எடுத்தவள் அந்தக் குறுகல் பாலத்தைத் தாண்ட வேண்டும். இருட்டினால் அந்தப் பாலம் லாரிகளுக்குச் சொந்தம்.

இந்த ஆஸ்பத்திரியைக் காப்பாற்ற முடியவில்லை என்றால் எனக்கு இந்தப் பதவி எதற்கு? விசிட்டிங் கார்டில் போட்டுக்கொள்ளவா? கார்டு அடிக்கிற தொழிலே என்னுடையதுதான்.

அக்கா தாளை வாங்கிப் படித்தாள். மடித்துக் கொடுத்துவிட்டுக் காய் நறுக்கப் போனாள். அந்தப் பாலத்தைப் பற்றி எங்கள் வீட்டில் பேசுவதில்லை.

மார்ச் 11, செவ்வாய்

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

மூன்றாவது பொருளைத் துணைத் தலைவர் எழுந்து வாசித்தார். பிரசவம் குறைந்துவிட்டது, செலவு ஏறிவிட்டது. திரையில் படித்துக்கொண்டேன், வசதியாகத்தான் இருந்தது. அடுத்து என் முறை.

என் பேச்சுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் தலைவரைத் திட்டுவேன். அப்புறம் விஷயம். அப்புறம் மறுபடியும் தலைவர். இன்றைக்குச் சொன்னது: தவளையே, நீ பிறந்தது ஆஸ்பத்திரியிலா, கிணற்றிலா? பிள்ளை பெறுவது என்றால் என்னவென்று உன் வீட்டில் யாரையாவது ஒரு நாள் கேட்டிருக்கிறாயா? இந்தத் தீர்மானத்தை எழுதின மகராசனுக்கு வேறு வேலை இல்லையென்றால் அரங்கத்தைப் பெருக்கச் சொல்.

பேசும்போது நான் சபையைப் பார்ப்பேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பார்த்து மைக்கில் சொல்வாள். அவள் வாய் என் கண்ணில் படாது. இன்றும் சபையைத்தான் பார்த்தேன். ஆனால் சபை என்னைப் பார்க்கவில்லை, புதுத் திரையை வேடிக்கை பார்த்தது. நானும் திரும்பினேன்.

'உறுப்பினர், ஆறாவது வார்டு: மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, தாய்மார்களின் சிரமத்தைத் தாங்கள் அறியாதவர் அல்ல. தீர்மானத்தைத் தயாரித்த அலுவலர்களின் உழைப்பை நான் மதிக்கிறேன்.'

என் கை நின்றுவிட்டது. திரையில் நான் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தேன். என் பேச்சு எப்படி முடியும் என்று அக்காவுக்கு மனப்பாடம். 'தாயுள்ளத்தோடு பரிசீலிக்க வேண்டுகிறேன்' என்று கேட்டுக்கொண்டேன். நன்றி சொன்னேன். எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். தலைவர் கன்னத்தை ஊதினார்.

தீர்மானத்தை ஏப்ரல் எட்டுக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள்.

தீர்மானப் புத்தகத்தில் முடிவு மட்டும்தான் ஏறும், பேச்சு ஏறாது. அதனால் நான் என்ன பேசினேன் என்று நான் படித்ததே இல்லை. உள்ளூர்ப் பத்திரிகையில் என்னைப் 'பண்பாளர்' என்று எழுதுவார்கள். காது கேளாதவன் எவ்வளவு கத்தினாலும் பாவம் பார்த்து இப்படி எழுதுகிறார்கள் என்று பல்லைக் கடித்துக்கொள்வேன். பாவம், அவர்கள் காதில் விழுந்ததைத்தான் எழுதியிருக்கிறார்கள்.

மார்ச் 12, புதன்

அக்காவோடு பேச்சில்லை. நாள் முழுக்கக் கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 14, வெள்ளி

இன்று சமையலறையில் கேட்டேவிட்டேன். எப்போதிருந்து?

முதல் கூட்டத்திலிருந்து, என்றாள். கூசாமல். ஏழு வயதில் காய்ச்சல் வந்து எனக்குக் காதும், மெல்ல மெல்லப் பேச்சும் போனதிலிருந்து எனக்காகக் கடைக்காரரிடமும் வாத்தியாரிடமும் பேசுகிறவள் அவள்தான். அப்போதும் இப்படித்தானா என்று கேட்கப் பயமாக இருந்தது. கேட்கவில்லை.

"நீ சொன்னதை அப்படியே சொல்லியிருந்தா மொத வருஷமே உன்னை வெளிய தள்ளியிருப்பாங்கடா. தெருவிளக்கு எப்படி வந்துச்சு? வடிகால் எப்படி வந்துச்சு? உன் கோவத்தைப் பாத்தா?"

என் வார்த்தையை மாற்ற நீ யார் என்றேன். உறுப்பினர் நீயா நானா என்றேன். ஓட்டுப் போட்டவர்கள் யாருக்குப் போட்டார்கள்? அவளை அடிக்கலாம் போல இருந்தது. அழலாம் போலவும் இருந்தது.

"வார்த்தை உன்னோடது. வாய் என்னோடது. நீ திட்டுற திட்டையெல்லாம் நான் என் வாயால சொல்லணும். அதை என்னிக்காவது நெனச்சியா?"

நினைத்ததில்லை. ஆனால் அதை ஒப்புக்கொள்ளும் நேரமா அது? அவர்கள் என்னைச் சொன்னதையும் இப்படித்தான் சர்க்கரை தடவிக் கொடுத்தாயா என்று திருப்பிக் கேட்டேன். அவள் அடுப்பைத் துடைத்தாள். துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தாள். பிறகு நேராகப் போய் விளக்கை அணைத்துவிட்டாள்.

எங்கள் சண்டையில் சின்ன வயதிலிருந்தே இது ஒரு அநியாயம். இருட்டில் கை தெரியாது. கடைசி வார்த்தை எப்போதும் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் நிற்கிறவருக்கு.

மார்ச் 18, செவ்வாய்

ஆணையரிடம் எழுதிக் கேட்டு, முறைப்படி சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வரவழைத்துவிட்டேன். நடுத்தர வயது. கை தெளிவாகத் தெரிய வேண்டும் என்று எப்போதும் கறுப்புச் சட்டைதான் போடுவாராம். சொன்னதை அப்படியே சொல்வேன், கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன், அது எங்கள் தொழில் தர்மம் என்றார். கேட்கவே குளிர்ச்சியாக இருந்தது.

அக்காவின் வீட்டுக்காரருக்குக் கப்பலில் வேலை, வருடத்தில் ஒரு மாதம்தான் வீடு. மீதி மாதமெல்லாம் அவளும் நானும்தான். இரண்டு பேர் பேசாமல் இருக்க இந்த வீடு ரொம்பச் சின்னது.

மார்ச் 25, செவ்வாய்

பேசினேன். நானே பேசினேன். எல்லோருக்கும் கேட்டது.

கறுப்புச் சட்டை வானிலை வாசிக்கிற மாதிரி ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னாராம். திரையில் வரிவரியாக ஓடியது. போன கூட்டத்தில் சொன்ன அதே தவளை, கிணறு, பெருக்குகிற வேலை, எல்லாம் எழுத்துப் பிழை இல்லாமல். ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை. நான் உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன்.

தலைவர் கையைத் தூக்கி, தவளை என்று உறுப்பினர் யாரைச் சொல்கிறார் என்று கேட்டார். உங்களைத்தான் என்றேன். அதற்கு என்ன சைகை என்று கேட்டார். செய்து காட்டினேன்.

அவர் கை தானாகத் தாடைக்குப் போனது. பாதியில் நின்றது. மெல்லக் கீழே இறங்கியது. பள்ளி ஆண்டு விழா ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

அப்போது திரையில் இன்னொரு வரி ஓடியது. துணைத் தலைவர் மைக்கை அணைக்க மறந்து பக்கத்து ஆளிடம் சொன்னது: 'செவிடனுக்கு எப்பவுமே திமிர் ஜாஸ்தி.' கறுப்புச் சட்டை அதையும் அப்படியே கையில் செய்து காட்டினார். தர்மம். சபையில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 'எப்பவுமே' என்கிறார். அப்படியென்றால் இது புதுசு இல்லை. இந்த அரங்கில் ஒருத்தரும் என்னை அந்த வார்த்தை சொன்னதில்லை என்று இத்தனை வருடம் ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 27, வியாழன்

தலைவர் அச்சகத்துக்கு வந்தார். தனியாக. மெஷின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். பாழான அச்சுத்தாளின் பின்பக்கத்தில் எழுதி எழுதிப் பேசினோம்.

நான் தலைவரானதுலேந்து என்னை இப்படித்தான் திட்டிட்டிருந்தீங்களா?

ஆமாம்.

எல்லாக் கூட்டத்துலயுமா?

பட்ஜெட் கூட்டத்தில் கொஞ்சம் கூடுதலாக.

பிறகு எழுதினார்: என் வீட்ல கூட என்கிட்ட யாரும் அவ்வளவு மரியாதையா பேசினதில்ல. உங்க வார்டு கோப்பு வந்தா மட்டும் அன்னிக்கே கையெழுத்துப் போடுவேன்.

ஏப்ரல் எட்டு? என்று எழுதினேன். அவர் பேனாவை மூடி என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

தெருவிளக்கு வந்த கதை அதுதான். வாங்கியது நான் இல்லை. அக்காவும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அந்த அரங்கில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில், இல்லாத ஒரு நல்லவன் உட்கார்ந்திருந்திருக்கிறான். அவனுக்குத்தான் எல்லோரும் செய்துகொடுத்திருக்கிறார்கள்.

மார்ச் 30, ஞாயிறு

வார்டில் பாதிப் பேர் என்னைக் கண்டால் தோளில் தட்டுகிறார்கள், சரியான போடு என்று. மீதிப் பேர் கடைக்குள் திரும்பிக்கொள்கிறார்கள். தோளில் தட்டுகிறவர்களுக்கு மன்றத்தில் ஓட்டு இல்லை. ஓட்டு இருக்கிற உறுப்பினர்களில், ஆஸ்பத்திரிக்கு ஆதரவு என்று சொல்லியிருந்த மூன்று பேர் இப்போது வீட்டில் இல்லையாம். ஒருவர் வீட்டில் இல்லை என்பதை அவரே கதவைத் திறந்து எழுதிக் காட்டினார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அவர் சொன்னதை அக்கா எனக்குக் கையில் சொன்னாள். இரண்டு வாரத்தில் எங்களுக்குள் அதுதான் முதல் பேச்சு.

"நீங்க யாரோட வேணா சண்டை போடுங்க சார். எங்க கட்டிலை நடுவுல வெச்சுப் போடாதீங்க."

இதை அப்படியே சொன்னாயா என்று அக்காவைக் கேட்டேன். இதைவிடக் கொஞ்சம் காரமாகத்தான் சொன்னார் என்றாள்.

நர்ஸ் போன பிறகு அக்காவிடம் கெஞ்சினேன். எட்டாம் தேதி நீயே வா. உன் குரல் அவர்களுக்குப் பழக்கம். நான் ஒழுங்காகப் பேசுகிறேன், சத்தியமாக. யோசித்தாள்.

"நீ மரியாதையா பேசு. நான் ஒரு வார்த்தை மாத்தாம சொல்றேன்."

அவர்கள் பேசுவதை எனக்குச் சொல்லக் கறுப்புச் சட்டை இருக்கட்டும், நான் பேசுவதைச் சொல்ல அவள். அப்படி ஏற்பாடு. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

ஏப்ரல் 5, சனி

கண்ணாடி முன் நின்று மரியாதையாகப் பேசிப் பழகினேன். கை வலிக்கிறது.

ஏப்ரல் 8, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

துணைத் தலைவர் முதலில் பேசினார். பாலம் ஒன்றும் மலை இல்லை, இந்த ஆஸ்பத்திரி வருவதற்கு முன்னால் எல்லோரும் அந்தப் பாலத்தைத் தாண்டித்தானே பெற்றார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லையே என்றார். கறுப்புச் சட்டை அதைச் சொல்லி முடித்தபோது அக்கா மடியில் கைகளைக் கோத்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான் பார்த்தேன். எழுந்தேன்.

தவளை சொல்லவில்லை. 'மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே' என்று பதவியை முழுசாகச் சைகையில் செய்தேன். சென்ற கூட்டத்தில் என் பேச்சு உங்களைப் புண்படுத்தியிருந்தால் வருந்துகிறேன் என்றேன். ஆஸ்பத்திரியைத் தயவுசெய்து விட்டுவையுங்கள் என்றேன். என் வாழ்நாளில் அந்த அரங்கில் நான் செய்த முதல் 'தயவுசெய்து'.

திரை காலியாக இருந்தது. அக்கா வாயைத் திறக்கவில்லை. மறுபடியும் செய்தேன், தயவுசெய்து. அப்போது திரையில் எழுத்து ஓட ஆரம்பித்தது.

'உறுப்பினர், ஆறாவது வார்டு: ஒண்ணும் ஆகலையா? யாரைக் கேட்டு சொல்றீங்க? அந்தப் பாலத்து மேல ரெண்டு லாரிக்கு நடுவுல வண்டி மாட்டிக்கிச்சு. என் குழந்தை அங்கதான் பொறந்துச்சு. பொண்ணு. அவ அழவே இல்ல. என் தம்பி அவளைத் துணியில சுத்தி மடியில வெச்சிருந்தான். அழறாளா அக்கா, அழறாளான்னு என்னைக் கேட்டுக்கிட்டே இருந்தான். அவனுக்குத்தான் கேக்காதே. நான் ஆமான்னு சொன்னேன். ஆஸ்பத்திரி போற வரைக்கும் ஆமான்னே சொன்னேன்.'

என் கை மேஜை மேல் இருந்தது.

எனக்கு அப்போது இருபது வயது. அந்தப் பிள்ளை பாலத்தில் உயிரோடு இருந்தது, பெரிய ஆஸ்பத்திரி வாசலில்தான் போனது என்று இன்று காலை வரை நினைத்துக்கொண்டிருந்தேன். என் மடியில் அவள் கதகதப்பாக இருந்தாள். அக்கா எனக்கு மாற்றிச் சொன்ன முதல் வார்த்தை அதுதானோ என்னவோ. ஐயோ அக்கா.

துணைத் தலைவர் எழுந்தார். ஆட்சேபம். மொழிபெயர்க்க வந்தவர் சபையில் பேச விதி இல்லை, உறுப்பினரின் கை அசையவே இல்லை, எல்லோரும் பார்த்தோம், இதை உறுப்பினர் பேச்சாக எடுத்துக்கொள்ளக் கூடாது. விதிப்படி அவர் சொன்னது சரி.

தலைவர் திரையைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அவள் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். கறுப்புச் சட்டை கையில் சொன்னார்.

"திரையில உறுப்பினர் பேசினதா இருக்கு. இது நீங்க சொன்னதா?"

ஒரு மாதமாக இதே அரங்கில் எதற்காகக் குதித்தேன்? என் வார்த்தை என் வார்த்தையாக வர வேண்டும் என்று.

நான் சொன்னதுதான், ஒரு எழுத்து விடாமல், என்றேன்.

கறுப்புச் சட்டை என்னை ஒரு கணம் பார்த்தார். என் கை அசையாததை அவரைவிட நன்றாகப் பார்த்தவர் அரங்கில் யாரும் இல்லை. ஆனால் சொன்னதை அப்படியே சொல்வது அவர் தொழில். சொன்னார்.

"அப்ப உறுப்பினர் பேசினதுதான். ஆட்சேபம் நிராகரிக்கப்படுகிறது. உக்காருங்க."

ஓட்டெடுப்பு. வீட்டில் இல்லாத மூன்று பேரில் இரண்டு பேர் கையை ஆஸ்பத்திரி பக்கம் தூக்கினார்கள். மூன்றாமவர் எந்தப் பக்கமும் தூக்காமல் கண்ணாடியைத் துடைத்தார். சரிசமம். இனித் தலைவரின் ஓட்டு.

அவர் உடனே கையைத் தூக்கவில்லை. நேராக என்னைப் பார்த்து, தாடைக்குக் கீழே கையை வைத்தார். கன்னத்தை ஊதினார். சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. இந்தத் தடவை அர்த்தம் தெரிந்தே ஊதினார். பிறகு அதே கையை ஆஸ்பத்திரிக்காக மேலே தூக்கினார்.

ஏப்ரல் 9, புதன்

அக்காவும் நானும் பாலத்தில் போய் நின்றுவிட்டு வந்தோம். காற்று பலமாக இருந்தது. ஒரு லாரிக்காரர் ஓரம் போகச் சொல்லித் திட்டினாராம். என்ன சொன்னார் என்று கேட்டேன். அப்படியே சொன்னாள்.

ஜூன் 10, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்குப் புது பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். 'இரவும் பகலும்' என்று வாசலில் ஒரு பலகை. பலகை எங்கள் அச்சகத்தில் அடித்ததுதான்.

கூட்டங்களுக்கு இப்போது கறுப்புச் சட்டைதான் நிரந்தரம். அக்கா பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து பின்னல் போடுகிறாள். அவள் வாய்க்கு ஓய்வு கொடுத்துவிட்டேன். என் வாய்க்குக் கொடுக்கவில்லை. இன்று வடிகால் விஷயத்தில் தலைவரை வாங்கு வாங்கென்று வாங்கினேன். அவர் பழைய மாதிரி மேஜையைத் தட்டவில்லை. எழுந்து திருப்பிக் கொடுத்தார். ஆறாவது வார்டு உறுப்பினருக்கு நேராக நடக்கவே தெரியாது, எதிலும் குறுக்கேதான் போவார் என்று திரையில் ஓடியது. துணைத் தலைவருக்கு ஒரே சந்தோஷம். எனக்கும்தான், காட்டிக்கொள்ளவில்லை.

பேசி முடித்து உட்காரும்போது தலைவர் இரண்டு விரலைக் கொக்கி மாதிரி மடக்கி, கையைப் பக்கவாட்டில் நகர்த்திக் காட்டினார். நண்டு. எனக்குப் பெயர் வைத்திருக்கிறார். சுத்தமான சைகை, மணிக்கட்டு கூட ஆடவில்லை. பார்த்துப் பழகி வருகிற சுத்தம் இல்லை அது. யாரோ உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் கேட்டேன், அந்த ஆளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது யார்?

அவள் எழுந்து போய் விளக்கை அணைத்துவிட்டாள்.